கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு டிடெக்டிவ் அக்கா: புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

திருப்பூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற பெண்ணிடம் வீட்டுக்காரம்மா முதலில் கேட்பது அட்வான்ஸைப் பற்றி அல்ல. "கல்யாணம் ஆயிருச்சுங்களா?" அடுத்தது, "வீட்டுக்காரரு என்ன பண்றாருங்க?" நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையின் நாயகி வளர்மதி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். "அவுங்க பேங்க்ல இருக்காங்கக்கா. மாத்தலாகி வந்திருக்காங்க."

இதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. வளர்மதியின் துணைவி ஜோதி பேங்க்கில்தான் இருக்கிறாள். கட்டினவர் பெயரைச் சொல்லாமல் 'அவுங்க' என்றே பேசிப் பழகிய ஊர் இது. அந்த 'அவுங்க' ஆணா பெண்ணா என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. பொய் சொல்லவேண்டிய கட்டம் சாமான் இறக்கும்போதுதான் வருகிறது. அது இரண்டாம் அத்தியாயம்.

இந்த வரி எனக்குக் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. முதல் பிரதியில் நான் செய்தது வேறு. கதை முழுக்க ஜோதியை 'அவர்' என்றே எழுதி ஒளித்து வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் "அவர் ஒரு பெண்" என்று வெடி வைத்தேன். படித்த தோழி ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங்க, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சப்ப வராத அதிர்ச்சி இவுங்க யாருன்னு தெரிஞ்சப்பத்தான் வருது. அப்ப குற்றவாளி இவுங்கதானுங்களா?"

தமிழில் துப்பறியும் கதை எழுத ஆசைப்பட்டு, லெஸ்பியனான ஒரு தனியார் துப்பறிவாளரை நாயகியாக வைக்க நினைப்பவர்களுக்காக, அதுவும் கொங்கு நாட்டில் அவளை நடமாட விட நினைப்பவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. முதலில் கொஞ்சம் படியுங்கள்

நம் பக்கத்துக்கு இந்த வகை புதிது. துப்பறியும் கதை புதிதல்ல. 1,500-க்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமார் கோவைக்காரர். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் தொங்கிய பாக்கெட் நாவலை வாங்கி, ஈரோட்டில் ஏறி சேலம் இறங்குவதற்குள் முடித்த தலைமுறை என்னுடையது. ஆனால் அந்தக் கதைகளில் பெண் எங்கே இருந்தாள்? ராஜேஷ்குமாரின் விவேக் பக்கத்தில் ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் பக்கத்தில் சுசீலா, சுபாவின் நரேந்திரன் பக்கத்தில் வைஜெயந்தி. கெட்டிக்காரிகள்தான். இருந்தாலும் பக்கத்தில்தான். சுசீலாவின் பனியன் வாசகங்களுக்காகவே அந்தக் கதைகளைப் படித்தவர்கள் உண்டு. அந்தப் பனியனைத் தைக்கும் ஊரில் இருந்துகொண்டு, சுசீலா தனியாக ஒரு கேஸ் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில் தொடங்கியதுதான் வளர்மதி.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ஏறக்குறைய ஐம்பது வருட வயது. 1977-ல் எம்.எஃப். பீல் எழுதிய 'ஏஞ்சல் டான்ஸ்' நாவலின் கேட் குவரேராவை முதல் லெஸ்பியன் துப்பறிவாளர் என்று பலரும் சொல்கிறார்கள். அடுத்த வருடமே, 1978-ல், கனடாவின் ஈவ் ஸரெம்பா 'எ ரீசன் டு கில்' எழுதினார். அதன் ஹெலன் கெரமோஸ் வான்கூவர் ஊரின் தனியார் டிடெக்டிவ். ஆறு நாவல்கள் வந்தன. புதிதாக எழுதுகிறவர்கள் கெரமோஸிடம் கற்கவேண்டியது அந்த அலட்டல் இல்லாத தன்மை. தன்னைப் பற்றி அவள் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. வேலை இருக்கிறது, பார்க்கிறாள்.

அதற்கு முன்னால் குற்றக் கதையில் இப்படிப்பட்ட பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால் இரண்டு இடம்தான் முக்கியம்: பிணமாக அல்லது வில்லியாக. அகதா கிறிஸ்டியின் 1950 நாவல் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. அதில் ஹிஞ்ச்கிளிஃப், மர்கட்ராய்டு என்று இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் கோழியும் பன்றியும் வளர்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று கிறிஸ்டி சொல்வதில்லை, ஊரும் கேட்பதில்லை. பாதி வாசகர்களுக்குப் புரிந்தும் புரியாமலும் போகிறது. கடைசியில் மர்கட்ராய்டு கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறாள். ஹிஞ்ச்கிளிஃபின் துக்கத்தை அந்தப் பக்கங்களில் கவனமாகப் படித்தால், சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரியும். நம் ஊரில் தோட்டத்துச் சாளையில் ஒன்றாக வாழ்ந்து முடித்த இரண்டு கிழவிகளைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசும் விதம் எனக்கு ஞாபகம் வரும். "ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சுங்க, கல்யாணம் வேண்டாம்னுருச்சு." அத்தோடு பேச்சு முடிந்தது.

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மூன்று போதும் என்பது என் கணக்கு. ஒன்று, சாண்ட்ரா ஸ்கொப்பெட்டோனின் லாரன் லாரனோ வரிசையில் முதலாவது, 1991-ல் வந்த 'எவ்ரிதிங் யூ ஹேவ் இஸ் மைன்'. நியூயார்க்கில் தனியார் டிடெக்டிவ், வீட்டில் மனநல ஆலோசகரான கிப். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதை எப்படிப் போய் வருகிறது என்பதைப் பாருங்கள். (இந்த ஸ்கொப்பெட்டோன் அதற்கு முன் ஜாக் எர்லி என்ற ஆண் பெயரில் துப்பறியும் நாவல் எழுதியவர். நமக்கு மனைவி பெயரில் எழுதிய சுஜாதா, அவர்களுக்கு இப்படி.) இரண்டாவது, ஜே.எம். ரெட்மனின் மிக்கி நைட், 1990-ல் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் வரிசை. ஊரின் புழுக்கமும் குடியும் பழைய காயமும் கேஸோடு எப்படிக் கலக்கின்றன என்பதற்காக. மூன்றாவது, செரில் ஹெட் எழுதும் சார்லி மேக், 2016-ல் தொடங்கிய டெட்ராய்ட் வரிசை. கறுப்பினப் பெண், சொந்த ஏஜென்சி, நினைவு மங்கிவரும் அம்மா. அந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டே கேஸ் பார்க்கிற கட்டங்கள் நம் வாசகர்களுக்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

போலீஸ்காரி, பத்திரிகைக்காரி என்று வேறு கிளைகளும் உண்டு. கேதரின் ஃபாரஸ்டின் கேட் டெலஃபீல்டு (1984) லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் தன்னை மறைத்துக்கொண்டே கொலை வழக்குகளைப் பார்ப்பவள். வால் மெக்டெர்மிடின் லிண்ட்சே கோர்டன் (1987) ஸ்காட்லாந்து நிருபர். இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனியார் டிடெக்டிவ் வேறு மாதிரி ஆள். அவளுக்கு லத்தியும் இல்லை, பத்திரிகை அட்டையும் இல்லை.

2. அவளை என்ன சொல்லி அழைப்பது

இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். நான் லெஸ்பியன் என்றே எழுதுகிறேன். தன்பாலீர்ப்பு என்பதும் நல்ல சொல், பொதுவாகச் சொல்லப் பால்புதுமையினர் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டித் தமிழக அரசு 2022-ல் இதற்கென்று ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. பழைய செய்தித்தாள்களில் வரும் 'ஓரினச்சேர்க்கை'யை மட்டும் விட்டுவிடுங்கள். இருவரின் வாழ்க்கையைப் படுக்கையாகச் சுருக்கிவிடுகிற சொல் அது.

ஆனால் இதெல்லாம் உங்கள் நடைக்குத்தான், பாத்திரங்களின் வாய்க்கு அல்ல. காங்கயம் பக்கத்து ஆத்தா ஒருத்தி 'தன்பாலீர்ப்பாளர்' என்று பேச ஆரம்பித்தால் கதை அங்கேயே படுத்துவிடும். அவள் சொல்வது "அதுக்கு அந்தப் புள்ளைன்னா உசுரு" என்பதுதான். அதுவே எல்லாம் சொல்லிவிடுகிறது.

3. டிடெக்டிவ் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொலை கேஸ் அவளிடம் வராது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதிப் பிழைகள் குறையும். இங்கே ஏஜென்சிகளின் சோறு கல்யாணத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை விசாரணை, பொண்ணு விசாரணை, கட்டின பிறகு சந்தேகம், சொத்துக்காக அண்ணன் தம்பி விசாரணை, கம்பெனியில் டிசைன் வெளியே போகிறதா என்கிற விசாரணை.

ஜாதகம் பார்த்து, கூட்டம் (குலப் பிரிவு) பார்த்து, பங்காளி முறையா மாமன் மச்சான் முறையா என்று பார்த்து, எல்லாம் பொருந்திய பிறகும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். பெங்களூரில் வேலை செய்கிற பையன், அங்கே யாரோடு இருக்கிறானோ? முன்னெல்லாம் இதைத் தரகரும் ஒறம்பரையும் (சொந்தக்காரர்களும்) விசாரித்துச் சொன்னார்கள். இப்போது காசு கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

இங்கேதான் வளர்மதியின் வயிற்றெரிச்சல். கல்யாணம் என்கிற அந்தப் பெரிய வாசலுக்கு வெளியே நிற்கிறவள், அந்த வாசலுக்குக் காவல் காத்துச் சம்பாதிக்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் அவள் ஒரு மாப்பிள்ளை விசாரணை ரிப்போர்ட் டைப் செய்கிறாள். அந்தப் பையனுக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் எழுதுவதா? எழுதினால் அவன் மானம் போகும். எழுதாவிட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும். நான் அந்த அத்தியாயத்தை ஆறு தடவை எழுதினேன். கடைசியில் அவள் அந்தப் பையனையே ஒரு டீக்கடையில் சந்தித்து, "நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க தம்பி, நான் எழுதற மாதிரி வெச்சுக்காதீங்க" என்கிறாள். அது சரியா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. உங்கள் நாயகி வேறு மாதிரி செய்யலாம்.

சட்டத்தில் அவளுக்கு இருக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005-ம் வருடச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். டிடெக்டிவுக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. 2007-ல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதனால் அவளுக்குத் தடையும் குறைவு, பாதுகாப்பும் குறைவு. யாரையும் கைது செய்ய முடியாது. யாரும் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி போன் கம்பெனியில் தெரிந்தவரை வைத்துக் கால் விவரம் வாங்கினால் அது குற்றம். 2018-ல் மும்பை பக்கத்துத் தாணேவில் இப்படி வாங்கிய டிடெக்டிவ்களைப் போலீஸ் கைது செய்தது. ஆகவே அவளிடம் மிச்சம் இருப்பது காலும் கண்ணும் வாயும்தான். கதைக்கு அதுதான் நல்லது.

வண்டி விஷயத்தில் ஒன்று. புதியவர்கள் எல்லோரும் நாயகிக்கு புல்லட் கொடுக்கிறார்கள். மூன்று தெருவுக்குக் கேட்கும் வண்டியில் போய் யாரை ஃபாலோ பண்ணுவது? டி.வி.எஸ். எக்ஸ்.எல். கொடுங்கள். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு பால் கேன். கொங்கு நாட்டில் கண்ணுக்கே தெரியாத வாகனம் அதுதான்.

4. அவளுக்கு ஒரு பழைய தொழில் கொடுங்கள்

எனக்கு இது எளிதாக இருந்தது. நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவள். வளர்மதியையும் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவளாக ஆக்கிவிட்டேன். செக்கிங் டேபிளில் பத்து வருடம் நின்றவளுக்குத் துப்பறியத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் முன்பக்கத் துணியும் கைத் துணியும் வெயிலில் வேறு வேறு ஷேடு என்று அவள் கண் சொல்லிவிடும். சந்தையில் ஒருவன் போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் கழுத்து லேபிள் வெட்டப்பட்டிருந்தால், எக்ஸ்போர்ட் மிச்சம் என்று தெரியும். தையலைப் புரட்டிப் பார்த்தால் எந்தத் தரத்துக் கம்பெனி என்று கூடச் சொல்வாள்.

நான் கதையில் வைத்த முக்கியமான துப்பு ஒரு ஊசி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மிஷின் ஊசி உடைந்தால் டெய்லர் எழுந்து போய்ப் புது ஊசி எடுத்துக்கொள்ள முடியாது. உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று அடுக்கி முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, ஒரு ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதி, நேரம், லைன் நம்பர், கையெழுத்து. ஒரு முனை கிடைக்காவிட்டால் அந்த மிஷினைச் சுற்றிக் கிடக்கும் பீஸ் எல்லாவற்றையும் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தை உடுப்பில் ஊசி முனை போய்ச் சேர்ந்தால் ஆர்டரே போச்சு. அதனால் மற்ற நோட்டுகளில் எத்தனை தில்லுமுல்லு இருந்தாலும் ஊசி ரெஜிஸ்டரில் கை வைக்க யாருக்கும் தோன்றாது.

கதையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஹாஸ்டல் பெண் ஒருத்தி காணாமல் போகிறாள். அன்றைக்கு எட்டு மணிக்கே ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்கிறார் மேனேஜர். அட்டென்டன்ஸும் அதையே சொல்கிறது. ஆடிட்டுக்கு ஒரு நோட்டு, சம்பளத்துக்கு ஒரு நோட்டு என்பது தெரிந்த வளர்மதி அட்டென்டன்ஸைத் தொடுவதே இல்லை. ஊசி ரெஜிஸ்டரைக் கேட்கிறாள். 11.40-க்கு ஒரு ஓவர்லாக் ஊசி, மூன்று துண்டு, டேப்புக்கு அடியில் பழுப்பாக. பக்கத்தில் காணாமல் போன பெண்ணின் கையெழுத்து.

இதை அவள் எப்படி யோசித்தாள் என்பதற்கு நான் வைத்த காரணம்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம். அவளும் ஜோதியும் சேர்ந்து வாழ்கிற ஒன்பது வருடத்துக்கு எந்தக் காகிதம் சாட்சி? ரேஷன் கார்டில் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் வளர்மதி பெயர் மட்டும். கேஸ் சிலிண்டர் ஜோதி பெயரில். இரண்டு பெயரும் சேர்ந்து வருகிற ஒரே இடம் பேங்க் கணக்கின் நாமினி படிவம். அதில் 'உறவு' என்ற கட்டத்தில் ஜோதி தன் கையெழுத்தில் 'தோழி' என்று எழுதியிருக்கிறாள். பெரிய காகிதங்களில் வாழ்க்கையை மறைத்தவர்களுக்கு, அது எந்தச் சின்னக் காகிதத்தில் கசியும் என்று தெரியும். ஆகவே அவள் கண் அங்கே போகிறது. அவள் லெஸ்பியன் என்பது கதையின் முடிச்சு அல்ல. அவள் பார்க்கிற விதம் அதில் இருக்கிறது. என் முதல் பிரதியில் அது கடைசிப் பக்கத்து வெடியாக இருந்தது, இப்போது ஒவ்வொரு விசாரணையிலும் வேலை செய்கிறது.

உங்கள் நாயகி செக்கிங்கில் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. ஈரோடு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியவளாக இருக்கலாம், திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆபீஸில் போன் எடுத்தவளாக இருக்கலாம், நாமக்கல்லில் முட்டை லோடு பார்த்தவளாக இருக்கலாம். உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த தொழிலாக இருந்தால் சரி.

5. வீட்டுக்குள் என்ன கூப்பிடுகிறார்கள்

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஆள் இருக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள், ஆள் இல்லாதபோது எப்படி அழைக்கிறார்கள். தமிழில் காதலையும் மறைப்பையும் காட்ட இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஜோதி மூன்று வயது இளையவள். வெளியே அவள் வளர்மதியை "அக்கா" என்கிறாள். அக்கம்பக்கத்துக்கு அதுவே போதும், சித்தி மகளோ பெரியம்மா மகளோ என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். வீட்டுக்குள் "வளரு". கோபம் வந்தால் வீட்டுக்குள்ளும் "அக்கா"! அப்படி ஒரு கட்டம் என் கதையில் இருக்கிறது:

"சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேங்கக்கா."

வளர்மதி ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லீங்கக்கா."

"ஜோதி."

"அரிசிம்பருப்புச் சோறு ஆறிப்போச்சு. பொழுதோட வர்றேன்னீங்க. மணி பதினொண்ணு."

சண்டை என்று நான் எழுதவில்லை. அந்த 'ங்க'வே போதும்.

நம் பேச்சில் மரியாதை ஒரு சுவர் மாதிரி. யாரிடம் எப்போது அது எழும்புகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனித்து எழுதினால், முத்தக் காட்சி எழுதத் தெரியாதவர்களும் நெருக்கத்தைக் காட்டிவிடலாம். (எனக்கும் தெரியாது.) அதே நேரம் கொங்குப் பேச்சை அள்ளிக் கொட்டாதீர்கள். வரிக்கு வரி 'ஏனுங்க', 'அம்மணி' போட்டால் டி.வி. காமெடி ஆகிவிடும். பேங்க் மேனேஜர் ஒரு மாதிரி பேசுவார், பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒரு மாதிரி, ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் பெண் பாதி தமிழில் வேறு மாதிரி.

இன்னொன்று. வாடகை வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தால் உடனே ஊர் சந்தேகப்படும் என்று எழுதாதீர்கள், அது உண்மையில்லை. ஒரு ஆணும் பெண்ணும் தாலி இல்லாமல் இருந்தால்தான் தெரு எட்டிப் பார்க்கும். இரண்டு பெண்கள் என்றால் "தொணைக்கு இருக்காங்க" என்று நிம்மதியாகிவிடும். ஆபத்து வருவது வேறு இடத்தில். நல்ல இடத்திலிருந்து ஜாதகம் வந்து, ஒருத்தி வேண்டாம் என்று சொல்லும்போது. இரண்டாவது தடவை வேண்டாம் என்னும்போது 'ஏன்' வரும். மூன்றாவது தடவை, பக்கத்தில் இருக்கிறவள் மேல் பார்வை திரும்பும்.

6. கேஸைத் தேர்ந்தெடுங்கள்: காசு கொடுப்பது யார்?

கொங்கு நாட்டில் தனியார் டிடெக்டிவுக்கு வரக்கூடிய மிகக் கடினமான கேஸ் இதுதான்: ஒரு அப்பா வருகிறார். வேட்டி, கையில் மஞ்சப்பை, பைக்குள் பணம். "பொண்ணு எவன் கூடவோ போயிருச்சுங்க. எங்கன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." அந்தக் கடைசி மூன்று சொல்லில்தான் கதை இருக்கிறது.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டப்பகலில், ஜாதி மாறிக் கட்டிய பையனை வெட்டிக் கொன்றதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்த அப்பாவுக்கு ஒரு முகவரி கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று வளர்மதிக்குத் தெரியும்.

என் கதையில், பெண்ணைக் கூட்டிப்போனதாக நினைக்கிற ஒரு பையனைப் போலீஸ் தேடுகிறது, சொந்தக்காரர்களும் பையனைத் தேடுகிறார்கள். பெண்ணின் போனில் கடைசியாகப் பேசிய நம்பர் கூட வேலை செய்யும் பிரியாவுடையது. தோழிதானே என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வளர்மதி ஹாஸ்டல் அறைக்குப் போகிறாள். இரும்புக் கட்டில், கொடியில் துண்டு, மூலையில் ஒரு ட்ரங்குப் பெட்டி. வார்டன் இரண்டு சாவி கொண்டு வருகிறார், ஒன்று பெண்ணின் தலையணைக்கு அடியில் கிடைத்தது, இன்னொன்று பிரியாவின் தலையணைக்கு அடியில். இரண்டும் அதே பூட்டுக்கு. அந்த இடத்தில் வளர்மதிக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. வார்டனிடம் எதுவும் சொல்லாமல் பெட்டியைப் பூட்டுகிறாள்.

இங்கே உங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய காலத்துக் கதையாகிவிடும். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தவர்களின் விருப்ப உறவை விடுவித்தது. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு உங்கள் கதைக்கு இன்னும் நேராக உதவும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், 'பெண் காணவில்லை' என்று பெற்றோர் கொடுத்த புகார்கள் என்று தொடங்கிய வழக்கு அது. இப்படிப்பட்ட புகாரில் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று போலீஸுக்கு அதில் சொல்லப்பட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமை தர மறுத்துவிட்டது. 2025 மே மாதம், வீட்டார் அடைத்து வைத்த ஒரு பெண்ணுக்காக அவள் துணைவி போட்ட ஆட்கொணர்வு மனுவில், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கு வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அந்தப் பெண்ணை விடுவித்தது.

இதையெல்லாம் நாயகி வாயில் சொற்பொழிவாக வைக்காதீர்கள். ஒரு செயலாக மாற்றுங்கள். என் கதையில் வளர்மதி அந்தப் பெண்களைக் கண்டுபிடித்த பிறகு, அப்பாவுக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு வக்கீலுக்குப் போன் செய்கிறாள். இருவர் கையிலும் வயதுச் சான்றுக்கு எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் இருக்கிறதா என்று கேட்கிறாள். ஒருத்தியிடம் இல்லை, அது ட்ரங்குப் பெட்டியில் மாட்டிக்கொண்டது. மறுபடி ஹாஸ்டல், மறுபடி அந்தப் பூட்டு. இருபது பக்கம் ஓடியது எனக்கு.

அப்பாவிடம் என்ன சொல்வது? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பொண்ணு உசுரோட நல்லா இருக்குதுங்க. நானே கண்ணால பாத்தேன். இடம் மட்டும் சொல்ல மாட்டேனுங்க" என்கிறாள். அவர் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "சாப்புடுதுங்களா?" என்று கேட்கிறார். அவரை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வி வந்த பிறகு முடியவில்லை. வில்லன் வேலையை அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

7. கொன்றுவிடாதீர்கள்

1952-ல் அமெரிக்காவில் மேரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற பாக்கெட் நாவல் எழுதினார். இரண்டு பெண்களின் காதல். சந்தோஷமாக முடித்தால் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள் என்று பதிப்பாளர் சொன்னதால் முடிவைத் துக்கமாக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தபால் துறை காரணம். உங்களுக்கும் எனக்கும் அந்தக் காரணம் இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஜோதியை லாரியில் அடிபட வைக்க உங்கள் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அதே போல ஆண்கள் மாதிரி முடி, ஆண்கள் மாதிரி சட்டை, ஆண்கள் மாதிரி பேச்சு என்று ஒரே அச்சில் வார்க்காதீர்கள். அப்படியும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களையும் எழுதலாம். ஆனால் விசாரணைக்குப் போகிற டிடெக்டிவ் கூட்டத்தில் கரைய வேண்டியவள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடியில் நிற்கத் தெரியவேண்டும்.

எழுதியதை, அந்த வாழ்க்கை வாழ்கிற ஒருவரிடமாவது படிக்கக் கொடுங்கள். கேள்வி கேட்டுக் குடையாதீர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். நிஜத்தில் நடந்ததைக் கேட்டு எழுதினால் ஊர், கம்பெனி, ஹாஸ்டல் எல்லாவற்றையும் கலைத்துவிடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. இங்கே "பெருந்துறை பக்கம், அப்பா ரைஸ் மில்" என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. திருத்தும்போது

பிரதியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் 'அவர்', 'அவுங்க', 'அவங்க' என்ற சொற்களைத் தேடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள்: இங்கே ஒளிப்பது நாயகியா, நானா?

என் இரண்டாவது பிரதியில் ஜோதியைக் குறித்து 37 இடத்தில் 'அவுங்க' இருந்தது. 26-ஐ 'ஜோதி' என்று மாற்றினேன். மிச்சம் 11. வீட்டுக்காரம்மா, பால்காரர், பெரியம்மா மகன், ஒரு இன்ஸ்பெக்டர் என்று யாராவது எதிரில் நிற்கும்போது வளர்மதி வாயிலிருந்து வருகிறவை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.